தூணுக்கு வலிக்குமா?

தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரகலாதன் கதையில் இரணியன் தூணை ஓங்கி அடிக்கிறான், தூண் பிளக்கிறது, நரசிம்மம் வெளிப்படுகிறது. எத்தனை முறை கேட்டாலும் இந்தக் கதையில் ஒரு கேள்வி மட்டும் யாருக்கும் எழுவதில்லை. அடி விழுந்தபோது தூணுக்கு வலித்ததா? தூணுக்குள் இறைவன் இருப்பதாக மனமார நம்புகிறவர்கள்கூடத் தூணுக்கு நோகும் என்று நினைப்பதில்லை. ஒரு பொருளில் இறைமை நிறைந்திருக்கிறது என்பது ஒரு கூற்று. அந்தப் பொருளே எதையோ உணர்கிறது என்பது இன்னொரு கூற்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான், உலகம் முழுவதும் உணர்வு பரவியிருக்கிறதா என்ற பழைய கேள்வி சிக்கலாகிவிடுகிறது. அந்தச் சிக்கலை இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு ஐதராபாத் நகரம் நமக்கு இரண்டு சாட்சிகளைத் தருகிறது. ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நடந்த ஒரு மருத்துவ ஆராய்ச்சி. மற்றொன்று, அந்த ஊர்ப் பாறைகள்.

முதலில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்போம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த மெய்யியலாளர் ஸ்பினோசா, தாம் இறந்த 1677-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எதிக்ஸ்’ என்ற நூலில், கடவுளும் இயற்கையும் ஒரே மெய்ப்பொருள் என்று நிறுவ முயன்றார். எல்லாப் பொருள்களும் வெவ்வேறு அளவில் உயிர்த்தன்மை உடையவை என்றும் சொன்னார். உணர்வே பிரம்மம், அதற்கு வேறாக இரண்டாவது ஒன்று இல்லை என்றது அத்வைதம். இருப்பு ஒன்றே என்றனர் இப்னு அரபியின் வழிவந்த சூஃபிகள். ஆனால் பின்னாளில் ஐதராபாத் சமஸ்தானத்தில் அடங்கிய குல்பர்காவில் துயில்கொள்ளும் சூஃபி ஞானி பந்தே நவாஸ், அந்தக் கருத்தை மறுத்தவர். தமிழ் மரபிலும் இதே பிரிவு உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அந்த வரிசையில் கல்லுக்கு இடமில்லை. சமணமோ மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்துத் தந்த சைவ சித்தாந்தத்தில், இறைவன் எங்கும் நிறைந்தவன். ஆனாலும் உலகப் பொருள் சடம்தான், அறிவற்றதுதான். ஆகவே முன்னோர் சொல்லிவிட்டார்கள் என்று இந்த வழக்கை முடித்துவிட முடியாது. முன்னோரே இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறார்கள். நாம் சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும்.

1888-ஆம் ஆண்டு. அறுவை சிகிச்சைக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கும்போது சில நோயாளிகள் திடீரென்று இறந்துபோனார்கள். மருந்து முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்று மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி இதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். ஆறாம் நிஜாம் மீர் மெகபூப் அலி கான் பொருளுதவி செய்தார். அந்தக் குழுவின் முடிவை இங்கிலாந்தில் பலர் நம்பாததால் 1889-இல் இரண்டாவது குழு கூடியது. ‘லான்செட்’ மருத்துவ இதழின் சார்பில் மருத்துவர் லாடர் பிரன்டன் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார். மூச்சே முதலில் நிற்கும், ஆகவே மூச்சைக் கவனியுங்கள் என்பதே இரண்டு குழுக்களின் முடிவும். குளோரோஃபார்ம் இதயத்தையும் நேரடியாகத் தாக்கும் என்பதை 1911-இல் லெவி என்ற ஆய்வாளர் காட்டியபோது அந்த முடிவு முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. ஆனால் நம் கேள்விக்கு வேண்டிய சான்று அந்தச் சர்ச்சைக்கு வெளியே, அறுவைக் கட்டிலின் மேல் இருக்கிறது. மடித்த துணியில் சில சொட்டு மருந்து. இனிப்பான ஒரு வாடை. சில நிமிடங்களில் கருவிழியைத் தொட்டாலும் இமை அசைவதில்லை. கத்தி படுகிறது, வலி இல்லை. அந்த உடம்பை எடைபோட்டால் ஒன்றும் குறைந்திருக்காது. எலும்பு, இரத்தம், மூளை எல்லாம் அப்படியே இருக்கின்றன. போனது உணர்வு மட்டும். மருந்து வெளியேறியதும் அது திரும்பி வருகிறது. பொருளின் ஒவ்வொரு துகளிலும் உணர்வு ஊறியிருந்தால், துகள்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, உணர்வு மட்டும் எப்படிப் போய்த் திரும்பும்? உணர்வு பொருளின் இருப்பைச் சார்ந்ததில்லை, அதன் இயக்கத்தைச் சார்ந்தது என்றே இது காட்டுகிறது. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்களும் தட்டுத்தடுமாறி நடந்து, பேசி, முழு நினைவோடு வாழ்ந்திருக்கிறார்கள். எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைவிட அது எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது என்பதே முக்கியம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மயக்கத்தில் போனது ஒட்டுமொத்த உணர்வுதான். துகள்களின் சின்னஞ்சிறு உணர்வுகள் உள்ளே அப்படியேதான் இருக்கும் என்பார்கள். சரி, இருக்கட்டும். அந்தச் சிறு உணர்வுகள் சேர்ந்து ‘நான்’ என்ற ஒரே உணர்வாவது எப்படி? உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் இதைத்தான் கேட்டார். ஒரு வாக்கியத்தின் பன்னிரண்டு சொற்களைப் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டு, அவர்களை நெருக்கி நிற்கவைத்தால், முழு வாக்கியத்தை அறிந்தவர் அங்கே யாராவது இருப்பாரா? துகளுக்கு உணர்வு உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், துகள்கள் கூடி ஓர் உணர்வாவது எப்படி என்ற கேள்வி மிச்சமாகவே நிற்கிறது. விளக்க வேண்டியதை விளக்காத ஒன்றை ஏற்றுக்கொள்ள நமக்குக் காரணம் இல்லை.

இரண்டாவது மறுப்பு அறிவியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸிடமிருந்து வருகிறது. 1901-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் தசை, செடி, உலோகம் மூன்றிலும் எடுத்த மின் பதிவுகளைக் காட்டினார். தொடர்ந்து தூண்டினால் மூன்றும் சோர்கின்றன. ஓய்வு கொடுத்தால் தேறுகின்றன. நஞ்சு கொடுத்தால் அடங்குகின்றன. கோடுகளைப் பார்த்தால் எது எதனுடையது என்று பிரிப்பதே கடினம். உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவே வேலி இல்லை என்று அவர் உணர்ந்து சொன்ன அழகை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கோடுகள் காட்டியது எதிர்வினையை. எதிர்வினை வேறு, வலி வேறு. இதற்குச் சான்று நம் உடம்பிலேயே இருக்கிறது: வெளிச்சம் பட்டதும் கண்பாவை சுருங்குகிறது, அது சுருங்குவதை நாம் உணர்வதே இல்லை. செடிக்கு வந்தால், பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் ஈதர் ஆவியில் தொட்டாச்சிணுங்கியை வைத்தார்; அது சிணுங்குவதை நிறுத்தியது; நல்ல காற்றில் மீண்டும் சிணுங்கியது. மயக்க மருந்து செடியையும் தொடுகிறது என்பதால், உயிர்களெல்லாம் ஒரே வகையான இயந்திர நுட்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று சொல்லலாம். அதற்குமேல் சொல்ல அந்தச் சோதனை இடம் தரவில்லை.

மூன்றாவது மறுப்புதான் உண்மையிலேயே வலியது. உணர்வே இல்லாத பொருளிலிருந்து உணர்வு எப்படிப் பிறக்கும்? இதற்குப் பொருளே எல்லாம் என்ற பழைய உலகாயதர் சொன்ன விடை நம் வீட்டு வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. மென்றால் வாய் சிவக்கிறது. மூன்றில் எதிலும் இல்லாத சிவப்பு, மூன்றும் கூடும்போது வருகிறது. மணிமேகலைக் காப்பியத்தில், பூதங்களே உலகுக்கு அடிப்படை என்று வாதிடும் வஞ்சி நகரத்துப் பூதவாதியும் இதே வழியில்தான் பேசுகிறான்: பூவும் வெல்லக் கட்டியும் சேர்ந்து ஊறும்போது கள்ளின் களிப்பு பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். அதோடு அவன் நிறுத்தவில்லை. உணர்வுடைய பூதம், உணர்வற்ற பூதம் என்று இரண்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் இனத்திலிருந்தே பிறக்கும் என்றும் சேர்க்கிறான். கலவை ஒன்றே விளக்கிவிடாது என்று அந்தக் காப்பியம் பாடிய சாத்தனார் காலத்திலேயே உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் நியாயமானது. வாய் சிவப்பதை வேதியியல் மிச்சமில்லாமல் விளக்கிவிடும். நரம்பில் ஓடும் மின்சாரம் ஏன் வலியாக இருக்கிறது என்பதை இன்றைய அறிவியல் அப்படி விளக்கிவிடவில்லை. 1995-இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் இதைத்தான் கடினமான சிக்கல் என்றார். இடைவெளி இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப எல்லாக் கல்லிலும் உணர்வைத் தூவினால், வில்லியம் ஜேம்ஸின் கேள்வி வாசலிலேயே நம்மை மறித்து நிற்கும்.

பூதவாதி பிரித்த இரண்டு வகைப் பூதங்களும் உண்மையில் உண்டா என்று கேட்டால், ஐதராபாத் பாறை இல்லை என்று பதில் சொல்கிறது. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் பக்கம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் நிற்கும் கருங்கற்கள் சுமார் 250 கோடி ஆண்டு பழையவை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் காளான் குடைபோல் ஒரு பாறை நிற்கிறது. இந்தக் கற்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும் படிகங்களில் பொட்டாசியம் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் பாறை உதிர்ந்து மண்ணாகிறது. வேர் அந்தப் பொட்டாசியத்தை உறிஞ்சுகிறது. கீரையும் பருப்புமாக அது நம் தட்டுக்கு வருகிறது. பிறகு நரம்பணுவின் சவ்வைத் தாண்டி வெளியேறும்போது, நம் ஒவ்வொரு நினைவிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. பாறையில் இருந்தபோதும் அதே பொட்டாசியம். நரம்பில் இருக்கும்போதும் அதே பொட்டாசியம். உணர்வுக்கென்று தனிப் பொருள் எங்கிருந்தும் வந்து சேரவில்லை. அந்த வகையில், எல்லாம் ஒன்றே என்றவர்கள் சொன்னது சரி. பாலில் நெய் இருக்கிறது என்கிறோம். ஆனால் பாலை விளக்கில் ஊற்றினால் திரி எரியாது. உணர்வும் பொருளில் அப்படித்தான், ஆகக்கூடிய ஆற்றலாக எங்கும் பரவியிருக்கிறது. அனுபவமாக வெகு சில இடங்களில்தான் திரண்டிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, எல்லாவற்றுக்கும் உணர்வு உண்டு என்று நினைத்தால் உலகத்தை இன்னும் அன்பாக நடத்துவோமே என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல எண்ணம்தான். ஆனால் 1889-ஆம் ஆண்டு ஐதராபாத் ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒருமுறை மனத்தால் போய் வாருங்கள். நூற்றுக்கணக்கான விலங்குகள் அங்கே குளோரோஃபார்மால் இறந்தன. நாய்களும் குரங்குகளும் அவற்றில் உண்டு. ஒரு மேசை, அதன்மேல் கட்டிவைத்த ஒரு நாய். இரண்டும் ஒரே இயற்கையின் பிள்ளைகள். இரண்டுக்கும் உணர்வு உண்டு என்று சொல்லிவிட்டால், அந்த அறையில் பயந்தது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடும். பாறையைக் காக்க அதன் தொன்மையும் நம் உடம்போடு அதற்குள்ள உறவும் போதும். வெடிவைத்துத் தகர்க்குமுன் தயங்க அதுவே காரணம். நாயிடம் நமக்கு அதற்கு மேலும் ஒரு கடன் இருக்கிறது. இரணியன் அடித்த தூணுக்கு வலிக்கவில்லை. வலிக்கக்கூடியவன் பிரகலாதன், அவன் மேல்தான் நம் கண் இருக்க வேண்டும்.