பிள்ளையை மறைக்காதீர், தாயைப் பழிக்காதீர்!

(சமுதாய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அவனது தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது உண்டாகட்டும்.

நம் மஹல்லாக்களில் சில வீடுகளின் பின்கட்டில் ஒரு பிள்ளை இருக்கும். கல்யாணத்துக்கும் வராது, பெருநாளுக்கும் வராது. யாராவது விசாரித்தால், "உடம்பு சரியில்லை" என்று பேச்சை மாற்றுவார்கள். கை கால் முறுக்கிக்கொண்ட பிள்ளை. வாரம் தவறாமல் வெளிறிப் போகும் பிள்ளை. பிறந்த சில நாட்களிலேயே கண் மூடிய பிள்ளையின் தம்பி அல்லது தங்கை. இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவர் செய்த பணியை முதலில் சொல்கிறேன். அவர் முஸ்லிம் அல்ல. நல்லது எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளத் தெரிந்த சமுதாயம் நாம்.

வாசல் தேடிப் போன மருத்துவர்

டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கப்பலில் வேலை பார்த்தவர். பிறகு படித்து, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1988ல் அவர் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தபோது, ஆமிஷ் சமூகத்துச் சிறுவன் ஒருவனின் சிறுநீர் சோதனைக்கு வந்தது.

ஆமிஷ் மக்கள் யார்? கிறிஸ்தவர்களில் ஒரு சிறு பிரிவினர். காரில்லை, குதிரை வண்டிதான். வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுப்பதில்லை. மருத்துவக் காப்பீடு எடுப்பதில்லை. தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள். அவர்கள் வீடுகளில் நன்றாகத் தவழ்ந்து விளையாடிய குழந்தை, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு திடீரென்று கை கால் செயலிழந்து போகும். பிறக்கும்போது மூளையில் அடிபட்டதால் வந்த வாதம் என்றே பல மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள்.

சிறுநீரைச் சோதித்த மார்ட்டன் உண்மையைக் கண்டார். அது குளுட்டாரிக் அசிடூரியா என்னும் பரம்பரை நோய். நாம் உண்ணும் புரதத்தின் ஒரு பகுதியைச் சிதைக்கிற நொதி, அந்தக் குழந்தையின் உடலில் வேலை செய்வதில்லை. அதனால் ஒருவகை அமிலம் சேர்ந்துகொண்டே போகும். சாதாரண நாளில் குழந்தை சிரித்து விளையாடும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பாடு நின்றால், உடல் தன் சொந்தப் புரதத்தையே கரைக்கும். அமிலம் பெருகி, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியைச் சில மணி நேரத்திலேயே சேதப்படுத்திவிடும். போனது திரும்பி வராது.

ஆனால் பிறந்த உடனே நோய் தெரிந்துவிட்டால்? உணவை அளந்து கொடுக்கலாம். காய்ச்சல் கண்ட உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றலாம். குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்!

மார்ட்டன் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்னிடம் வாருங்கள்" என்று சொல்லவில்லை. லங்காஸ்டர் பகுதியின் பண்ணை வீடுகளுக்குத் தாமே போனார். முடங்கிக் கிடந்த மற்றப் பிள்ளைகளையும் கண்டார். 1989ல் அவரும் மனைவி கரோலினும் சேர்ந்து இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள்.

தோள் கொடுத்த சமூகம்

இங்கேதான் கவனிக்க வேண்டும் சகோதரர்களே! 1990ல் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் அந்த நிலையத்தின் கட்டடத்தை எழுப்பியவர்கள் யார்? அதே ஆமிஷ் மக்களும், அவர்களை ஒத்த மெனனைட் மக்களும்தான். மரத்தூண்களை அவர்களே நிறுத்தினார்கள். வாசலில் குதிரை வண்டி கட்ட இடம் வைத்தார்கள். ஆண்டுதோறும் தங்கள் கைவேலைப் பொருட்களை ஏலம் விட்டு, வரும் பணத்தை அந்த நிலையத்துக்கே கொடுத்தார்கள்.

மெனனைட் மக்களிடையே வேறொரு நோய். சிறுநீரில் பாகு வாசனை வரும். கவனிக்காவிட்டால் பிறந்த சில வாரங்களுக்குள் மூளை வீங்கி உயிர் போய்விடும். உலகில் சுமார் 1,85,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற இந்த நோய், அந்த மக்களிடையே சுமார் 380 குழந்தைகளில் ஒன்றுக்கு வந்தது. பிறந்த உடனே சோதித்து, தனி உணவு கொடுத்து, அந்தக் குழந்தைகளையும் வாழ வைத்தார்கள்.

"உங்கள் மார்க்கத்தை விடுங்கள், பழக்கத்தை விடுங்கள், பிறகு வைத்தியம் பார்க்கிறேன்" என்று மருத்துவர் சொல்லவில்லை. "எங்கள் குடும்ப ரகசியம் வெளியே தெரியக்கூடாது" என்று அந்த மக்களும் கதவைச் சாத்தவில்லை. இரண்டும் சேர்ந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

நமக்கு என்ன சம்பந்தம்?

நாமும் உறவுக்குள் மணம் முடிக்கிறோம். மாமன் மகள், மாமி மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்குகிறோம். இது ஹராமா? இல்லை. மணமுடிக்கக் கூடாத உறவுகள் அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆவது வசனத்தில் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. அதில் மாமன் மகளும் சாச்சா மகளும் இல்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதைத் தடுக்க எனக்கும் உங்களுக்கும் அதிகாரமில்லை. ஆனால் ஆகுமானது வேறு, கட்டாயம் வேறு. நபி (ஸல்) அவர்கள் தம் மாமி மகள் ஜைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். ஜுவைரியா (ரலி), சஃபிய்யா (ரலி) போன்று வேறு கோத்திரத்துப் பெண்களையும் மணந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். இத்தகைய நோய்கள் பலவற்றில் குறையுள்ள மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஒன்று மட்டும் உள்ளவர் ஆரோக்கியமாக இருப்பார், அவருக்கே தெரியாது. பாட்டனிடம் இருந்த ஒரு குறை, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, பேரனும் பேத்தியும் மணம் முடிக்கும்போது ஒன்று சேரலாம். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று நினைப்பது தவறு.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. பிறவிக் கோளாறு பொதுவாக நூற்றுக்கு மூன்று என்றால், முதல் நிலை உறவில் மணமுடித்தவர்களின் குழந்தைகளிடம் நூற்றுக்கு ஆறு என்று அது காட்டியது. அதாவது 94 குழந்தைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

யார் மீது பழி?

இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய் என்று சொன்னேன். அப்படியிருக்க, "இவள் வந்த நேரம், இவள் வயிற்றுக் கோளாறு" என்று மருமகளை மட்டும் பழிப்பது என்ன நியாயம்? அதையே காரணமாக்கித் தலாக் கொடுப்பது என்ன மார்க்கம்? மகனிடமும் அதே குறை இருக்கிறது, தாய்மார்களே! நாளை மறுமையில் அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், சோதனை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியின் பக்கம்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். நோயும் அவன் விதி. மருந்தும் அவன் விதி. துஆ செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள்! ஆனால் தாயத்துக் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். குழந்தையின் மூளைக்கு அந்தச் சில மணி நேரம்தான் அவகாசம்.

செய்ய வேண்டியவை

முதலாவது: நிக்காஹ் பேசும்போதே மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த நோய் முற்றிய பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஈரானில் 1997லும் சவூதி அரேபியாவில் 2004லும் மணத்துக்கு முந்தைய பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. சவூதியில் சோதனை முடிவைக் காட்டித் திருமணத்தைத் தடுப்பதில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்க வைக்கிறார்கள்.

இரண்டாவது: பிறந்து இரண்டு, மூன்று நாளில் குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. முன்பு ஒரு பிள்ளையை இழந்த வீட்டார் இதைத் தவறவிடவே கூடாது. எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எல்லாச் சமூகத்துக் குழந்தைகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை.

மூன்றாவது: இருக்கிற உரிமையைக் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் ஹீமோஃபீலியாவும் சேர்க்கப்பட்டுள்ளன. 2021ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நமது கிளை நிர்வாகிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே போக வேண்டும்.

நான்காவது: ஜமாஅத் நிர்வாகிகளே, பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட வசூலிக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். இந்தப் பிள்ளைகளின் மருந்துக்கும் பயணச் செலவுக்கும் பைத்துல்மாலில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். காரில்லாத, காப்பீடு இல்லாத மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கைவேலைகளை ஏலம் விட்டார்கள். நம்மால் முடியாதா?

இறுதியாக ஒன்று. அடுத்த பெருநாள் தொழுகைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். முன் வரிசையில் இடம் கொடுப்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், பெற்றோருக்குப் பொறுமையையும், சமுதாயத்துக்குப் பொறுப்புணர்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.