வானம் வெளுத்த படங்கள்



உச்சி வெயிலில் ஒரு வயலைப் படம் எடுக்கிறோம். நெற்பயிரும் வரப்பும் அழகாக விழுந்திருக்கின்றன. மேலே மட்டும் நீலமும் இல்லை, மேகமும் இல்லை, ஒரே வெள்ளை.

இது புதிய தொல்லை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளில் பூசிய ரசாயனம் நீல ஒளியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நிலமோ கடலோ சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என்று தனித்தனியே எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். செத் நகரக் கடற்கரையில் 1857இல் அவர் எடுத்த புகழ்பெற்ற பேரலைப் படம் அப்படி உருவானதுதான்.

இன்று அந்த வேலையைக் கணினியில் செய்கிறோம். தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் வானம் வெளிறியிருக்கிறதா, அழிந்தே போய்விட்டதா? கேமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம். குடம் நிரம்பிய பிறகு விழும் ஒளி வழிந்தோடிவிடும். அதை எந்த மென்பொருளாலும் திரும்ப அள்ள முடியாது. படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரச் சுவரில் முட்டி நின்றால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது என்று பொருள்.

முட்டவில்லை என்றால் வானம் உள்ளே ஒளிந்திருக்கிறது. லைட்ரூம் மென்பொருளில் வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'ஹைலைட்ஸ்' அளவைக் குறையுங்கள். நீலத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் இறக்குங்கள். மேகத்தின் விளிம்புகள் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். அளவு மீறினால் தென்னங்கீற்றுகளைச் சுற்றி வெள்ளைக் கோடு படரும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. மீட்க வேண்டிய படத்தை ராவில் எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அழிந்த வானத்துக்கு வேறொரு வானத்தை ஒட்டும் வசதி 2020இல் ஃபோட்டோஷாப்புக்கு வந்தது. ஒரே சொடுக்கில் வேலை முடிகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஐப்பசி வானம் வேறு, சித்திரை வானம் வேறு. நிழல் ஒரு பக்கம் சாய, வெளிச்சம் இன்னொரு பக்கமிருந்து வந்தால் பார்ப்பவர் கண்ணை உடனே உறுத்தும். படத்தில் ஏரி இருந்தால் அதன் நீரில் பழைய வெள்ளையே பிரதிபலித்துக்கொண்டிருக்கும். கலைக்காகச் செய்யலாம். செய்திக்கோ, ஓர் ஊரின் பதிவுக்கோ செய்யக்கூடாது.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. செல்பேசித் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். இருண்ட தரையைப் பிறகு தூக்கிவிடலாம். எப்போதாவது வானத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மாற்றியிருக்கிறேன் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.