கடைசித் தெருவுக்கும் தண்ணீர்

இராஜபாளையத்திற்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு மலையடிவாரமும் குடிஜலம் அளிக்கின்றன. மேட்டு ஜலம் தானே கீழிறங்குமாயினும், குழாயின் உட்புறம் உராய்வதால் அதன் அழுத்தம் குறைகின்றது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு ஜலத்தைச் செலுத்தினால், உராய்வு நஷ்டம் ஏறத்தாழ 32 மடங்காகும். எங்கும் பெருங்குழாய் பதித்தாலோ செலவு தாங்காது. ஆகையால் மேட்டிலும் கடைசியிலுமுள்ள தெருவை முதலில் மட்டம் பார்த்து, அங்கு ஜலம் ஏறும்படி பிரதான குழாயைப் பெரிதாகவும், கிளைகளைத் தேவைக்கேற்பச் சிறிதாகவும் அமைத்தல் வேண்டும். கிளை முனைகளை வளையமாக இணைத்தால், ஓரிடம் பழுதுபட்டாலும் மறுபுறமிருந்து ஜலம் வரும். மலிவென்று சிறுகுழாய் வாங்கி மிச்சப்படுத்திய பணத்திற்கு, கடைசித் தெருப் பெண்களே குடத்துடன் காத்துநின்று வட்டி செலுத்துவர். கடைமடை நனையாதவரை வாய்க்கால் வேலை முடிந்ததென்று எந்தக் குடியானவனும் ஒப்பமாட்டான். குழாய்க்கும் அதுவே நியாயம்.