வேரின் தோழன்



பூந்தமல்லி என்று நாம் சுருக்கி வழங்கும் பூவிருந்தவல்லி, தன் பெயரிலேயே பூவைத் தாங்கிய ஊர். அம்பத்தூரும் ஆவடியும் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்களாய் இருந்தவை. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், வயல்கள் படிப்படியாக மனைகளாயின. அம்மனைகளில் வீடு கட்டியதும் வாயிலில் ஒரு வேப்பங்கன்றை நடுகிறோம், நீர் ஊற்றுகிறோம், உரமும் இடுகிறோம். ஆயினும் சில கன்றுகள் வளர்ச்சியின்றி நின்றுவிடுகின்றன. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

நிலத்தில் வாழும் செடியினங்களில் பத்தில் ஏழுக்குக் குறையாதவை, தம் வேரை மட்டும் நம்பி வாழ்வதில்லை. வேர் உட்பூசணம் எனப்படும் நுண்ணுயிர் அவற்றுக்குத் துணை நிற்கிறது. அதன் இழை தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. இழையின் ஒரு பகுதி வேரின் அறைகளுக்குள் நுழைந்து சிறு மரம்போலக் கிளைக்கிறது. மறு பகுதி மண்ணில் நெடுகப் பரவுகிறது.

இத்துணை எதற்கு? மணிச்சத்து மண்ணில் எளிதாக நகராத பொருள். செம்மண்ணில் அது இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகப் பிணைந்து கிடக்கும். வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தொலைவிலுள்ள சத்தை உறிஞ்சியதும், அவ்விடம் வறண்ட கிணறுபோல் ஆகிவிடுகிறது. பூசண இழையோ அவ்வெல்லையைக் கடந்து, பல சென்டிமீட்டர் சென்று சத்தைக் கொணர்கிறது. கைம்மாறாகச் செடி, தான் இலையில் சமைத்த உணவில் ஒரு பங்கை அளிக்கிறது. ஸ்காட்லாந்தில் கிடைத்த, ஏறக்குறைய 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள செடிப் புதைபடிவங்களிலும் இப்பூசணத்தின் அடையாளம் காணப்படுகிறது. வேர் என்னும் உறுப்பு முழு உருவம் பெறுமுன்பே இந்நட்பு தோன்றிவிட்டது எனலாம்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறும் சுவையானது. ஜெர்மன் அறிஞர் பிராங்க், நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த ட்ரஃபிள் காளானைப் பயிரிட வழி காணுமாறு பணிக்கப்பட்டார். ஆராய்ச்சியின்போது, மர வேர்களின் நுனியைப் பூசணம் உறைபோல் போர்த்தியிருப்பதைக் கண்டார். அது நோயன்று, கூட்டுறவே என்று துணிந்து, 1885இல் அதற்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். கிரேக்கச் சொற்களால் ஆன அப்பெயருக்குப் பூசணவேர் என்பது பொருள்.

அவர் கண்ட வகையே பைன் மரத்துக்கும் உரியது. போர்ட்டோரிக்கோ தீவில் பைன் நாற்றுகள் பல்லாண்டு முயன்றும் வளரவில்லை. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைச் சிறிது கொணர்ந்து இட்ட பின்னரே அவை தழைத்தன. அந்த மண்ணோடு வந்த பூசணமே அவற்றை வாழ்வித்தது.

நம் வேம்பும் புங்கமும் மல்லிகையும் மாவும் நாடுவது உட்பூசண வகை. இது மேல்மண்ணிலேயே மிகுதியாக வாழ்கிறது. வீடு கட்டுவோர் முதலில் வாரி அப்புறப்படுத்துவதும் அம்மேல்மண்ணையே. பின்னர்க் கடைக்கால் தோண்டிய அடிமண்ணையும் கட்டட இடிபாட்டையும் நிரப்பி, அதில் கன்றை நடுகிறோம். தோழனை வெளியேற்றிவிட்டு வேரைத் தனியே குடியேற்றுவது போன்றதன்றோ இது!

இப்பூசணத்தை எல்லாம் வல்ல மருந்தென்று கருதலாகாது. முளைக்கீரை, கடுகு, முட்டைக்கோசு ஆகியவை பொதுவாக இதனுடன் உறவு கொள்வதில்லை. நீர் தேங்கிய நெல்வயலில் காற்றின்றி இது குன்றுகிறது. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் செடியே இதன் உறவைக் குறைத்துக்கொள்கிறது. அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடுகின்றன. இழைகள் மண்துகள்களைப் பிணைத்துக் கட்டியாக்குவதால், அவை அறுந்த நிலத்தில் மழைநீர் மண்ணை எளிதில் அரித்துச் செல்லும்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தோட்டத்து மண்ணை ஆவியில் நன்கு வேகவைத்து ஆறவிட்டு, இரு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒன்றில் பழைய மரத்தடியின் பச்சை மண் ஒரு பிடியும், மற்றதில் வேகவைத்த அதே மண் ஒரு பிடியும் கலந்து, இரண்டிலும் சோளம் விதையுங்கள். ஆறு வாரம் வளர்ச்சியை அளந்து வாருங்கள். பச்சை மண்ணில் வேறு நுண்ணுயிர்களும் இருப்பதால், வேறுபாடு கண்டால் அதுவே முடிவான சான்றாகாது. கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையுடன் வேருக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பூசணத்தைக் கண்டு உறுதி செய்யவேண்டும்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேர் உட்பூசணத்தை உயிர் உரமாக ஆக்கி உழவர்க்கு அளித்து வருகிறது. ஆனால் நம் காலடியில் இருப்பதைக் காப்பதற்குப் பொருட்செலவு இல்லை. உங்கள் வீட்டில் கட்டட வேலை தொடங்கும்போது, மேல்மண்ணை ஓர் ஓரத்தில் தாழ்வாகக் குவித்துவைக்கும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். அக்குவியலின்மேல் காராமணி விதையுங்கள். அதன் வேரில் பூசணம் உயிரோடிருக்கும். கன்று நடும் குழியில் அம்மண்ணையே இடுங்கள். வயல்களை இழந்த அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் நிழல் தரும் மரங்களையேனும் பெறுவதற்கு இச்சிறு முயற்சி துணை செய்யும்.