நாயின் முழங்கை வீக்கம்

பிலிமத்தலாவை மலைச்சரிவில் அமைந்த ஊர். கண்டி – கொழும்பு வீதியோரத்திலும், கடலாதெனிய விகாரைக்குச் செல்லும் பாதையிலும் காவலுக்கு நாய் வளர்க்கும் வீடுகள் பல. பகலெல்லாம் சீமெந்துத் திண்ணையில் கிடந்து, இரவில் வாயிற்படியில் படுத்துக் காவல் காக்கும் பெருநாய் ஒன்றின் முன்னங்கால் முழங்கையில், ஒருநாள் தேசிக்காயளவு வீக்கம் தென்படுகிறது. சில வாரங்களில் அது தோடம்பழமளவு பருக்கிறது. நாயோ வலியெதுவும் காட்டாமல் உண்கிறது, ஓடுகிறது. வீட்டார் அதனைச் சீழ்க்கட்டி என்று கருதிக் கீறிவிட முற்படுகின்றனர். நாய்க்குத் தீங்கு தொடங்குவது பெரும்பாலும் அந்த வேளையிலேதான்.

முழங்கையின் பின்புறத்தில் எலும்பின் நுனி தோலுக்கு மிக அருகே இருக்கிறது. இடையில் தசையோ கொழுப்போ போதியளவு இல்லை. உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. கனத்த நாய் வன்தரையில் திரும்பத் திரும்பப் படுக்கும்போது அந்நுனி அடிபடுகிறது. அடிபட்ட இடத்தைச் சுற்றி உடல் ஒரு பையைக் கட்டிக்கொள்கிறது. அதனுள் மஞ்சள் நிறமான அல்லது சற்றே செந்நிறமான நீர் தேங்குகிறது. லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெருஇன நாய்களில், அதிலும் இளவயதில், இது மிகுதி. உள்ளே இருப்பது சீழன்று. மூட்டுக்கும் அப்பைக்கும் தொடர்பில்லை.

ஊசியால் நீரை வாங்கினாலும், தரை மாறாதவரை நீர் மீண்டும் ஊறும். அன்றியும் ஊசித்துளை வழியே கிருமி புகுந்தால், நோவற்ற நீர்ப்பை உண்மையிலேயே சீழ்க்கட்டியாகிவிடும். முழங்கை ஓயாமல் மடங்கி நிமிரும் இடமாகையால் அங்கே ஏற்பட்ட புண் எளிதில் ஆறாது. முற்றிப் புண்பட்ட வீக்கங்களுக்கே சத்திரசிகிச்சை வேண்டும்.

ஆகவே முதற் சிகிச்சை படுக்கையே. எலும்பு தரையில் முட்டாத அளவு தடித்த, ஏறக்குறைய நான்கு அங்குலத் தும்பு மெத்தை அல்லது ரப்பர் மெத்தை போதும். வைக்கோலைச் சாக்கில் நெருக்கித் திணித்தும் செய்யலாம். ஆயினும் மழைக்காலத்தில் அது ஈரம் வாங்கிப் பூஞ்சணம் பிடிப்பதால் அடிக்கடி மாற்றல் வேண்டும். மெத்தை வாங்குவது எளிது. அதில் நாயைப் படுக்கவைப்பதே அரிது. வெயிலேறியதும் நாய் மெத்தையைத் துறந்து குளிர்ந்த சீமெந்தை நாடும். அதனைக் கடிவதால் பயனில்லை. நாய் விரும்பிக் கிடக்கும் இடம் எதுவோ, அங்கேயே மெத்தையைக் கொண்டுபோய் இடவேண்டும். பகலுக்கொன்று, இரவுக்கொன்று என இரண்டு வைப்பின் இன்னும் நன்று. பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டி, வீக்கத்தைச் சுற்றி வளையம்போலப் பஞ்சு வைத்துத் தைத்து, இறுகாமல் அணிவிக்கலாம்; அழுத்தம் வீக்கத்தின்மேல் விழாமல் சுற்றிலும் பரவும். சிறிய வீக்கம் சில வாரங்களில் வற்றும். நாட்பட்டது தடித்த தோலாக எஞ்சலாம். அதனால் கேடில்லை.

முழங்கை வீக்கமெல்லாம் இவ்வகையினதன்று. நாய் நொண்டினால், படுத்தெழுந்ததும் விறைத்து நடந்து பின்னர் தேறினால், வீக்கம் மூட்டின் பக்கவாட்டில் இருந்தால், பழுது மூட்டினுள்ளே இருக்கக்கூடும். பெருஇனக் குட்டிகளில் முழங்கை எலும்புகள் பொருந்தி வளராத குறை நான்கு முதல் பத்து மாத வயதுக்குள் வெளிப்படுவதுண்டு. எக்ஸ்கதிர்ப் படமே அதனைத் தெளிவாக்கும். அத்தகைய நாய்க்கு உடல் நிறையைக் குறைப்பது மருந்துக்கு நிகரானது. படிகளில் துள்ளவிடாமல், சமதரையில் சிறுபொழுது நடத்தவேண்டும். சரிவான இவ்வூரில் அதற்குச் சற்றே இடந்தேட நேரும். பல மூட்டுகள் ஒருங்கே வீங்கிக் காய்ச்சலும் சோர்வும் கண்டால், உண்ணிகள் பரப்பும் நோயை ஐயுற்று இரத்தத்தைச் சோதிப்பிக்கவேண்டும். வீக்கம் சுட்டு, சிவந்து, தொட்டால் நாய் உறுமினாலும் தாமதமாகாது.

மனிதருக்கான நோவுக் குளிசைகள் நாய்க்கு நஞ்சாகலாம். பரசிற்றமோல் ஈரலையும் செங்குருதிக் கலங்களையும் கெடுக்கும். இபுபுரோபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். கற்பூரம் சேர்ந்த தைலத்தைப் பூசினால் நாய் அதை நக்கி விழுங்கிவிடும், அதுவும் நஞ்சே. நோவு தணிக்க நாய்களுக்கென்றே மருந்துகள் உள. அவற்றின் அளவை மிருக வைத்தியரே விதிக்கவேண்டும்.

பிலிமத்தலாவை மக்களுக்கு ஒரு வசதி உண்டு. சில மைல் கிழக்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அமைந்துள்ளன. செல்லுமுன், வீக்கம் எப்போது தோன்றியது, எந்தக் கால் நொண்டுகிறது, வீட்டில் என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நாயை வண்டியில் குதித்தேற விடாமல் தூக்கி வைத்து, அதன்கீழ் மடித்த சாக்கொன்றை விரித்துக் கொண்டுசெல்க.