நன்னூலும் நிரலாக்கமும்



தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நிரலாக்கம் எதற்கு என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதனை நடுநிலை வகுப்புகளில்தான் வைத்துள்ளது. ஆயினும் அதன் வித்து நம் நூலிலேயே உள்ளது.

கொங்குநாட்டுச் சீனாபுரத்தார் என மரபு போற்றும் சமண முனிவர் பவணந்தியார், நன்னூலில் உடம்படுமெய்க்கு விதி வகுத்தார். வருமொழி உயிரில் தொடங்குங்கால், நிலைமொழி இகரத்தில் முடிந்தால் யகரம் தோன்றும்: மணியழகு. ஊகாரத்தில் முடிந்தால் வகரம் தோன்றும்: பூவழகு. ‘இவ்வாறாயின் இது, அன்றேல் அது’ என்னும் இந்நடையே நிரலாக்கத்தின் உயிர்நாடி.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இவ்விதியைப் படிப்படியாக எழுதப் பணித்தேன். ஒரு சிறுமி எழுதியவாறே, இயந்திரம்போல், மற்றொருத்தி சொற்களைச் சேர்த்தாள். ‘பூயழகு’ என்று வந்தது! வகுப்பே சிரித்தது. பின்னர், விடுபட்ட படியை அவர்களே தேடித் திருத்தினர். நாள்தோறும் தம் குற்றம் நாடும் பிரதிக்கிரமணம் அறிந்த நமக்கு இப்பயிற்சி புதிதோ?

கணினி பின்னர் வரட்டும். வந்தபின், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் ‘ஆனால்’, ‘இல்லை’ எனத் தமிழிலேயே கட்டளையிடலாம். ஆங்கிலம் கைவரும் வரை பிள்ளையின் சிந்தனையைக் காத்திருக்க வைக்க வேண்டா. இன்றிரவே உங்கள் பேரப்பிள்ளையிடம் ஒரு விதியை எழுதச் சொல்லுங்கள்.