பன்னிரு நூல் நோன்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)

நோன்பு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதாரகௌரி விரதத்துக்கும் பிள்ளையார் கதைக்கும் இருபத்தொரு நாள் என்று நம் வீடுகளிலே கணக்குண்டு. நாள் குறித்து, நியமம் தவறாது நோற்று, இறுதியிலே பாறணை செய்வர். மனம் போனபோது பட்டினி கிடப்பதை எவரும் நோன்பு என்பதில்லை. வாசிப்புக்கும் அத்தகைய நோன்பொன்று வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி. வரும் தை முதல் மார்கழி முடிய மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு நூல்கள். அப்பன்னிரண்டும் வெவ்வேறு வகையினவாக இருத்தல் வேண்டும். இதுவே நோன்பு.

"நாங்கள் வாசியாமலா இருக்கிறோம்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். வாசிக்கிறோம். உயர்தர வகுப்பிலே கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம் என்று பிரித்துவிட்ட நாள் முதலாக நம் பிரிவை மட்டுமே வாசிக்கிறோம். கணிதம் பயில்வோன் கதைப் புத்தகத்தைத் தொடான்; கலை பயில்வோன் இடி முழங்குவது எதனால் என்று கேளான். இருவருக்கும் பொதுவான நூல் ஒன்று உண்டெனில் அது கடந்தகால வினாத்தாள்த் தொகுதியே. பல்கலைக்கழகம் வந்த பின்னரும் அந்த மதில் உயர்கிறதேயன்றித் தாழ்வதில்லை. கையிலுள்ள தொலைபேசியோ, நேற்று எதை விரும்பினோமோ அதையே இன்றும் எடுத்துப் பரிமாறுகிறது.

இம்மதில் இல்லாத ஒரு மனம் எதைச் சாதிக்கும் என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த மயில்வாகனன் என்ற பிள்ளை, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றது. அந்த மாணவரே பின்னாளில் நம் சுவாமி விபுலாநந்த அடிகள் ஆனார். 1916ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டிலே கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1920இலே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1926இலே 'மதங்க சூளாமணி' என்னும் நூலில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். 1931இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர்.

இவையெல்லாம் வெறும் பட்டங்களாக நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழும் பண்ணும் பேசப்படுகின்றன. அந்த யாழோ வழக்கொழிந்து போயிற்று. இலக்கியம் மட்டும் கற்றவர் சொற்களுக்கு உரை காண்பார். நரம்பின் கணக்கு அவருக்கு எட்டாது. பௌதிகம் மட்டும் கற்றவருக்கு, நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதிர்வு இரட்டித்து அதே சுரம் மேல் ஸ்தாயியிலே ஒலிக்கும் என்பது தெரியும். சிலம்பின் அடிகள் விளங்கா. இரண்டையும் அறிந்த ஒருவர் பதினான்கு ஆண்டு உழைத்தார். 'யாழ் நூல்' பிறந்தது. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகள் மறைந்தார். பலதுறை வாசிப்பு வெறும் பொழுதுபோக்கு என்பாருக்கு அந்நூலே விடை.

இனி, பெரியோர் சிலர் மனத்திலே உள்ள ஓர் ஐயத்தையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். பிற சமயத்தார் நூல்களைப் படித்தால் பிள்ளைகளின் சமயப்பற்றுத் தளர்ந்துவிடாதா என்பது அது. மிஷன் பாடசாலையிலே படித்த நமக்கு இக்கேள்வி பழக்கமானது. காலையில் அங்கே ஜெபம் கேட்டோம். மாலையில் கோயிலிலே தேவாரம் பாடினோம். ஒன்று மற்றையதை அழிக்கவில்லை. நம் அனுபவம் சிறிது. ஆறுமுக நாவலரைப் பாருங்கள். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் அவர். அதனை வரிவரியாகக் கற்ற பின்னரே, 1848இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறர் நூலைக் கற்றவருக்கே தம் நூலின் அருமை தெளிவாகும். அறியாமையை வேலியாக இட்டுக் காக்கும் சமயம் முதற் காற்றுக்கே சாய்ந்துவிடும்.

இதிலே நம் வாவிக்கரைக்கு மற்றுமொரு காரியமும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடைதோறும் சொல்கிறோம். அப்படி இருந்தும் 1990ஆம் ஆண்டிலே இரு சாராரும் தத்தம் உறவுகளைப் பறிகொடுத்து அழுத மண் இது. ஒரே மொழியைப் பேசுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? அயலான் தன் தாயைப் பற்றி என்ன எழுதினான் என்று அறிந்தவன், அவனைப் பற்றிய வதந்தியை அவ்வளவு எளிதில் நம்பமாட்டான். ஆகவே இந்நோன்பின் முதல் நியமம், பன்னிரண்டில் ஒன்றேனும் அயலவர் எழுதியதாக இருத்தல் வேண்டும் என்பதே.

இனி மாதங்களைப் பார்ப்போம். தையிலே நம் மண்ணைப் பற்றிய நூல், வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) பொருந்தும். மாசியிலே ஒரு விஞ்ஞான நூல், பங்குனியிலே ஒரு வாழ்க்கை வரலாறு, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பெரிது எனினும் அலுக்காது. சித்திரைப் புத்தாண்டு சிங்கள மக்களுக்கும் நமக்கும் பொது. ஆதலின் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல் ஒன்றைத் தமிழிலே வாசிப்போம். வைகாசியிலே கண்ணகையம்மன் கோயில்களிலே குளிர்த்தி நடைபெறும். வழக்குரை பாடக் கேட்கும் அந்நாட்களே சிலப்பதிகாரத்தைத் திறப்பதற்கு உரிய நாட்கள். ஆனியிலே கல்முனை தந்த எம். ஏ. நுஃமான் தமிழாக்கிய பாலஸ்தீனக் கவிதைகள். ஆடியிலே அடிகளாரின் நினைவு நாள் வருவதால் அவர் கட்டுரைகள். ஆவணியிலே ஒரு நாடகம்; ஐப்பசியிலே பொருளியலோ சட்டமோ, நாம் இதுவரை தொடாத துறை; கார்த்திகையிலே நீலாவணன் போன்ற நம் அயற்கவிஞர் ஒருவர்.

புரட்டாதியை விட்டுவிட்டோம் என்று எண்ணவேண்டாம். நவராத்திரியிலே புத்தகங்களை அடுக்கிப் பட்டுத் துணியால் மூடிப் பூசை செய்கிறோம். நம்மிற் சிலர் அப்பூசையை ஆண்டு முழுவதும் செய்கின்றோம், புத்தகம் திறக்கப்படுவதேயில்லை! விஜயதசமியன்று, வீட்டிலே நெடுநாள் திறவாதிருந்த ஒரு நூலை எடுத்து வாசித்தல் புரட்டாதிக்குரிய நியமம். மார்கழியிலே திருவாசகம், அதனைத் தனியே வாசிக்கலாகாது. கண் மங்கிய அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ உரத்து வாசித்தல் வேண்டும்.

நேரமில்லை என்பாருக்கு ஒரு கணக்கு. இருநூறு பக்க நூலை முப்பது நாளிலே முடிக்க நாளொன்றுக்கு ஏழு பக்கம் போதும். பணமில்லை என்பாருக்குப் பொது நூலகம் உண்டு. 1978ஆம் ஆண்டின் சூறாவளியும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் நம் வீடுகளிலிருந்து வாரிச் சென்றவற்றுள் புத்தகங்களும் உண்டு. 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தகைய இழப்பு இனி நேராதிருக்கவே 2005இலே 'நூலகம்' என்னும் இணையத் தொகுப்பு தொடங்கப்பட்டது. ஈழத்து நூல்கள் பலவற்றை அங்கே காசின்றி வாசிக்கலாம். மேலே குறைகூறிய அந்தத் தொலைபேசிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

முடித்த நூலைப் பற்றி ஒரு குறிப்பேட்டிலே அரைப்பக்கம் எழுதுவோம்: இதனால் எதை அறிந்தோம், எதனோடு உடன்படவில்லை. எத்தனை நூல் முடித்தோம் என்று ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டாம்; ஒரு மாதம் தவறினாலும் அடுத்த மாதம் தொடர்வோம். மாதந்தோறும் ஒருநாள் மாலை சங்க மண்டபத்திலே கூடி, நாலைந்து பேரேனும் தாம் வாசித்ததைச் சொன்னால் அதுவே பாறணை.

சங்கத்துத் தலைவர் அவர்களிடம் நாம் விநயமாகக் கேட்பது ஒன்றே. தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறன்று மண்டபக் கதவைத் திறந்து தாருங்கள். குறிப்பேட்டோடு வருகிறோம்.